நாலு மாடு, அஞ்சு ஈ, ஒரு இடைவெளி

செப்டம்பர் 1, திங்கள்

பொதுமக்களுக்கும், அண்டை நாட்டுத் தூதுவர்களுக்கும், கேன்டீன் அண்ணாச்சிக்கும் பணிவுடன் அறிவிப்பது யாதெனில்: பதினொன்றாம் வகுப்பு 'இ' பிரிவிலிருந்து சென்ற வியாழனன்று காணாமற்போன கரும்பலகைத் துடைப்பான், இன்று காலை ஒன்பது நாற்பதுக்கு மின்விசிறியின் மூன்றாம் இறக்கையிலிருந்து யாருடைய உதவியுமின்றி மண்ணுலகம் திரும்பியது. உயிர்ச்சேதம் இல்லை. இயற்பியல் சாரின் தலைமுடிக்குச் சேதம். அது ஏற்கெனவே சேதமானதுதான்.

நான் வைத்தேன் என்று ஊரே சொல்கிறது. ஆதாரம் எங்கே? நான் இன்பராஜ், வருகைப் பதிவேட்டில் ஒன்பதாம் எண். பெயரிலேயே இன்பத்தை வைத்துக்கொண்டு 'துன்பராஜ்' என்ற பட்டத்தைச் சுமக்கிறேன். தூத்துக்குடித் துறைமுகத்தில் கப்பல் காணாமல் போனாலும் முதலில் என் பையைத்தான் உதறுவார்கள்.

சரி, போன மாதம் 'அறிவிப்புப் பலகை'யை 'அறிவிப்புப் பல கை' ஆக்கியது நான்தான். ஓர் இடைவெளி, அவ்வளவுதான். பிறகு சாக்பீஸால் சுற்றிலும் பதினெட்டுக் கைகள் வரைந்தேன். "இருக்க ரெண்டு கையால அம்புட்டையும் அழில" என்றார் தலைமை ஆசிரியர். அது கலை. துடைப்பான் கலை அல்ல. நான் அந்த அளவுக்கு இறங்கமாட்டேன். மின்விசிறி உயரம் வரை ஏறவும் மாட்டேன்.

முக்கியச் செய்திக்கு வருகிறேன். புள்ளியியல் நடத்தும் கோமதி டீச்சர் என்னிடம் ஒரு வேலை ஒப்படைத்திருக்கிறார்.

எட்டு வாரமாக எங்களுக்கு வாரத் தேர்வு. ஒன்பது கேள்வி, ஒவ்வொன்றுக்கும் அ, ஆ, இ, ஈ என்று நான்கு விடை, சரியானதன் எழுத்தை எழுத வேண்டும். சரிக்கு நான்கு மதிப்பெண், தப்புக்கு ஒன்று கழிவு. முப்பத்தெட்டுப் பேர், எட்டு வாரம்: அதாவது முப்பத்தெட்டு வரிசையும் எட்டுப் பத்தியும் கொண்ட ஓர் அணி. கழுத்தில் போட்டாலும் அணி, கிரிக்கெட் ஆடினாலும் அணி, கட்டம் கட்டி எண்களை அடைத்தாலும் அணி. சராசரி யாருக்கு அதிகமோ அவர் காலாண்டு விடுமுறையில் சென்னைக்குப் போய்ப் பத்து நாள் புள்ளியியல் முகாமில் இருக்கலாம். பள்ளிக்கு ஒரே ஓர் ஆள். பன்னிரண்டாம் தேதிக்குள் பெயர் போய்ச் சேர வேண்டும்.

சிக்கல், வராதவர்கள். அவர்களுக்கு டீச்சர் மைனஸ் பத்து என்று போட்டு வைத்திருக்கிறார். அது மதிப்பெண் அல்ல, அடையாளம். ஒன்பதும் தப்பானால்கூட மைனஸ் ஒன்பதுதான் வரும். அதற்கும் கீழே இருந்தால் ஆளே வரவில்லை என்று அர்த்தம்.

"மைனஸ் ஒம்போதுக்குக் கீழ எது கெடந்தாலும் அத எடுத்துட்டு என்ஏ போடுல. அப்புறம் அந்த என்ஏவ ஒதுக்கிட்டு மிச்சத்துக்குச் சராசரி எடு. வராத பிள்ளையளுக்கு அடி விழக் கூடாது, பாத்துக்க."

என்ஏ என்றால் 'ஆர்' என்ற கணினி மொழியில் 'விவரம் இல்லை'. என்னே ஒரு சொல்! ஆர் மொழியை டீச்சர் கோடையில் மூன்று நாள் பயிற்சியில் கற்றார். அதில் ஒன்றரை நாள் கரண்ட் இல்லை. ஆகவே வெள்ளிக்கிழமை "இத யாருல எழுதுவா?" என்று வகுப்பில் கேட்டார். முதலில் எழுந்த கை என்னுடையது.

மாலையில் ஜெனிட்டாவின் நோட்டை வாங்கி வந்தேன். வீட்டுப்பாடம் பார்க்கத்தான். அந்தப் பெண் எழுதும் சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவில் ஆட்டோ ஓட்டலாம். கூட்டல் குறிக்கு இரண்டு பக்கமும் விரல் வைத்து இடம் விடுகிறாள். காகிதம் என்ன மரத்திலா காய்க்கிறது? ஆமாம், மரத்தில்தான். அப்படியும் இது அநியாயம்.

செப்டம்பர் 2

முடிந்தது! எழுபது பேர் எழுபது நாள் செய்யும் வேலையை ஒரே வரியில் முடித்தேன். வரலாற்றுக்காக இங்கே பொறிக்கிறேன்:

m[m<-9] <- NA

m என்பது அணி. அதில் மைனஸ் ஒன்பதைவிடச் சிறியவை எவையோ அவற்றிலெல்லாம் என்ஏ போடு. கடைசியில் இருக்கிறதே அம்புக்குறி, ஆர் மொழியில் அதற்கு 'வலப்பக்கம் இருப்பதை இடப்பக்கம் கொண்டுபோய்ப் போடு' என்று பொருள். வரியைப் பாருங்கள், காற்றுப் புக இடமில்லை. பேக்கரியில் அம்மா அடைக்கிற மக்ரூன் டப்பா மாதிரி கச்சிதம். முழுக்க முழுக்க என் மூளை.

டீச்சர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு திரையைப் பார்த்தார்.

"இத ஆர்லயால எழுதுன?"

"ஆருமில்ல டீச்சர், நானேதான்."

"மொழியக் கேட்டேம்ல, மூதி!"

டீச்சர் கேட்டது மொழி, நான் கொடுத்தது முழி. ஆனால் சிரித்துவிட்டார்.

செப்டம்பர் 3

பட்டியல் ஒட்டப்பட்டது. பல கையில்.

முதலிடம் இன்பராஜ், 22.43. இரண்டாமிடம் சுடலைமணி, 21.50. எங்கள் பெஞ்சே சென்னைக்குப் போக வேண்டியது, ஒருவனுக்குத்தான் இடம்.

கைதட்டல் வரும் என்று முகத்தைத் தயார் செய்து வைத்திருந்தேன். வந்தது சுடலைமணியின் குரல்.

"ஏல, ஒனக்கு மொத வாரம் மைனஸ் ஒம்போதுல்லா? அந்த மாட்டையும் ஈயையும் எங்கல ஒளிச்ச?"

விளக்கம் தேவை. முதல் வாரத் தேர்வில் நான் ஒன்பது கேள்விக்கும் 'ஆ', 'ஈ' என்று இரண்டே எழுத்தில் விடை எழுதினேன். நான்கு ஆ, ஐந்து ஈ. ஆ என்றால் மாடு. "நாலு மாடு, அஞ்சு ஈ" என்று நான் விடைத்தாளைத் தூக்கிக் காட்டியபோது வகுப்பே உருண்டது. பள்ளியின் வரலாற்றில் வேண்டுமென்றே மைனஸ் ஒன்பது வாங்கிய முதல் மனிதன் நான். இன்றும் ஆறாம் வகுப்புப் பொடிசுகள் என்னைப் பார்த்தால் "ம்மா" என்று கத்துகின்றன.

"அதச் சேத்தா ஒனக்குப் பதினெட்டரைதான் வருது. கூட்டிப் பாத்துட்டேன்."

"கம்ப்யூட்டர விட நீ பெரிய ஆளால?"

"கம்ப்யூட்டரு பெரிய ஆளுதான். அது முன்னால உக்காந்திருந்தவன்தான் ஆளு சரியில்ல. இன்னொரு வாட்டி போட்டுப் பாரேன்."

போட்டுப் பார்ப்பதா! குற்றமற்றவன் எதற்குப் போட்டுப் பார்க்க வேண்டும்? அப்படிப் பார்த்தால் சந்தேகத்துக்கு நானே சாயம் பூசியதாகிவிடாதா? மீதி ஏழு வாரமும் நான் உட்கார்ந்து படித்ததை யாராவது கூட்டிப் பார்த்தார்களா? குறும்புக்காரன் உழைத்தால் அது களவு. உம்மணாமூஞ்சி உழைத்தால் அது ஒழுக்கம். கொதிக்கிறது எனக்கு.

செப்டம்பர் 4

சுடலைமணி பேசவில்லை. நானும் பேசவில்லை. மதியம் அவனுடைய சாளைக் குழம்பு மட்டும் என்னோடு பேசியது.

செப்டம்பர் 5

ஜெனிட்டா வந்தாள். கையில் ஒரு துண்டுத்தாள். அதிலும் எண்ணுக்கு எண் ஆட்டோ ஓடும் இடைவெளி.

"இன்பராஜ், எனக்குப் பதினஞ்சு புள்ளி ஆறு மூணுன்னு போட்டிருக்கு. நான் எழுதுனது அஞ்சு தேர்வு. முப்பத்தொண்ணு, இருவத்தாறு, முப்பத்தொண்ணு, முப்பத்தாறு, முப்பத்தொண்ணு. நூத்தம்பத்தஞ்சு. அஞ்சால வகுத்தா முப்பத்தொண்ணுல்லா வரணும்?"

"எட்டு வாரம் நடந்துச்சு."

"மூணு வாரம் எனக்கு அம்மை போட்டிருந்துச்சு. ஒனக்கும் தெரியும். மூணு தண்ணி ஊத்தித்தான வந்தேன்."

"அது எனக்குத் தெரியும். கம்ப்யூட்டருக்கு அம்மையும் தெரியாது, அம்மாவும் தெரியாது."

"அதுக்குத்தான நீ எழுதுன? தெரியப்படுத்தத்தான?"

பதில் சொல்வதற்குள் மணி அடித்துவிட்டது. அடிப்பதற்கு முன்னால் கொஞ்ச நேரம் இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

போகும்போது, "நோட்டக் கொண்டாறியா, திங்கக்கெழம?" என்றாள்.

எனக்கு எரிச்சல் என்னவென்றால், அவள் என்னைத் திருடன் என்று சொல்லவே இல்லை. சொல்லியிருந்தால் மூன்று பக்கத்துக்குப் பதில் வைத்திருந்தேன். இப்படி மரியாதையாகக் கேட்டால் மனிதன் எதை எடுத்து வீசுவது?

செப்டம்பர் 6, சனி

அம்மா பேக்கரியிலிருந்து மக்ரூன் டப்பா கொண்டுவந்தாள், டீச்சருக்கு. தெரு முழுக்க "எம் மவன் மெட்ராசுக்குப் படிக்கப் போறான்" என்று சொல்லிவிட்டாள். பச்சை நிறத்தில் பை ஒன்று வாங்கியிருக்கிறாள். சக்கரம் வைத்தது. எங்கள் தெருவில் சக்கரம் ஓடும் அளவுக்கு ரோடு கிடையாது என்பது வேறு விஷயம்.

"மொத வந்தியா நீ? சத்தியமா?"

"பட்டியல்ல போட்டிருக்கும்மா."

"ஒன்னக் கேட்டா பட்டியலச் சொல்லுத."

பெற்ற தாயே குறுக்கு விசாரணை! இரண்டு மக்ரூன் தின்றுகொண்டே ஜெனிட்டாவின் நோட்டைச் சும்மா புரட்டினேன். பிறகு மூடிவிட்டேன்.

செப்டம்பர் 8, திங்கள்

இன்று நடந்தது அநீதி.

பத்தொன்பது பேர் கையெழுத்துப் போட்டு டீச்சரிடம் மனு கொடுத்திருக்கிறார்கள். பல கை! 'இன்பராஜ் தன் முதல் வார மதிப்பெண்ணை அழித்துவிட்டு முதலிடம் பிடித்துள்ளான்.' முதல் கையெழுத்து சுடலைமணி. 'பிடித்துள்ளான்' என்பதில் 'ள்'ளுக்குப் புள்ளிகூட வைக்கத் தெரியாதவன் எனக்குப் புள்ளி வைக்கிறான்.

டீச்சர் முழு அணியையும் அச்செடுத்து மேசையில் விரித்தார். ஒன்பதாம் வரிசை, முதல் வாரம். அங்கே மைனஸ் ஒன்பது இல்லை. என்ஏ இருந்தது.

"நீ அன்னைக்கு வந்திருந்தல்லா? வந்தவனுக்கு எதுக்குல என்ஏ?"

"தெரியாது டீச்சர்."

"நீ அழிக்கல?"

"டீச்சர், அது என் மாடு! என் ஈ! என் வாழ்க்கையிலயே பெரிய சாதன டீச்சர் அது. அத நானே அழிப்பேனா?"

இதைச் சொன்னபோது எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது. பொய் இல்லை. அந்தக் கட்டத்தை நான் தொடவில்லை. என் ஒன்பது உயிர்களையும் யாரோ கொன்றிருக்கிறார்கள், அதற்கு என் மேலேயே வழக்கு!

"பின்ன ஆரு அழிச்சா?"

கதவோரம் நின்ற சுடலைமணி, "ஈதான் பறந்து போயிருக்கும் டீச்சர்" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். என் வகுப்பில் என்னைவிட இன்னொருவன் நகைச்சுவை செய்வதை வாழ்க்கையில் முதல் முறையாகக் கேட்டேன். நன்றாக இல்லை.

எல்லாருடைய கண்ணும் என் வரிசையில்தான் இருந்தது. என் கண் மட்டும் முப்பத்தோராவது வரிசைக்கு ஒரு முறை போய் வந்தது. அது ஜெனிட்டாவின் வரிசை. அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

டீச்சர் சொன்னார்: "வெள்ளிக்கெழம வர டயம் தாரேன். என்ன நடந்துச்சுன்னு வந்து சொல்லு. இல்லன்னா ஒம் பேர எடுத்துட்டு ரெண்டாவது ஆளு பேர அனுப்பிருவேன்."

ரெண்டாவது ஆள் சுடலைமணி. மனுவுக்கு மனுவும் ஆயிற்று, சென்னைக்குச் சென்னையும் ஆயிற்று. துரோகி.

நோட்டுக் கொண்டு போகவில்லை. மறந்துவிட்டேன்.

செப்டம்பர் 9

மதிய இடைவேளையில் ஆய்வகத்தில் இருபது நிமிடம் இருந்தேன். சின்னதாக ஓர் அணி செய்து என் வரியை ஓட்டிப் பார்த்தேன். பிறகு வரியில் ஒரே ஓர் இடத்தில் விசையைத் தட்டிவிட்டு மறுபடி ஓட்டிப் பார்த்தேன்.

கணினி சரியாகத்தான் வேலை செய்கிறது.

இதற்கு மேல் இந்த நாட்குறிப்பிடம் சொல்ல விருப்பமில்லை. இது வரவர ரொம்பக் கேள்வி கேட்கிறது.

செப்டம்பர் 10

ஜெனிட்டா வீட்டுக்கு நோட்டைக் கொடுக்கப் போனேன். அவள் இல்லை, கோயிலில் பாட்டுப் பயிற்சியாம். அவளுடைய அப்பா வாசலில் சைக்கிள் செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார்.

"ஜெனிட்டா கூடப் படிக்கியாப்பா? யாரோ ஒரு பையன் மொத வந்திருக்கானாமே."

"ஆமா மாமா." யாரோ ஒரு பையன் என் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"நல்லா இருக்கட்டும். எனக்கும் பிள்ளைய அவ்வளவு தூரம் தனியா அனுப்ப மனசில்லதான். ரெண்டு மாசத்துக்கு முன்னால வந்து கேட்டா, சரி, ஒம் பேரு வந்தா போன்னு சொல்லி வச்சிருந்தேன். வரல. இனிமே கேக்க மாட்டா. ஒரு வாட்டிதான் கேப்பா, அவ கொணம் அப்படி." செயினைச் சுற்றிவிட்டார். சக்கரம் சத்தமில்லாமல் ஓடியது. "பேரு வரலன்னதுகூட ஒண்ணுமில்லப்பா. எங்க தப்புன்னு தெரியலையேன்னுதான் ராத்திரி பகலா கணக்குப் போடுதா. தன் கூட்டல்லதான் தப்புங்கா."

நோட்டைக் கொடுக்காமலே திரும்பி வந்துவிட்டேன். இதற்கு என்னைக் காரணம் கேட்காதீர்கள். நான் இப்போது கடுங்கோபத்தில் இருக்கிறேன். யார் மேல் என்றும் கேட்காதீர்கள்.

செப்டம்பர் 11

இன்று குறும்பு எதுவும் நடைபெறவில்லை.

செப்டம்பர் 12, வெள்ளி

முதல் பாடவேளையே கோமதி டீச்சர். நான் கேட்காமலே எழுந்து போய்ச் சாக்பீஸை எடுத்தேன். சுடலைமணி, "துடைப்பான மேல தேடாதீங்க, இங்கதான் இருக்கு" என்றான். இரண்டு பேர் சிரித்தார்கள்.

பலகையில் என் வரியை எழுதினேன். m[m<-9] <- NA. கீழே இன்னொன்று எழுதினேன்.

m[m < -9] <- NA

"என்னல வித்தியாசம்?" என்றார் டீச்சர்.

"ஒரு எடவெளி டீச்சர்."

சொன்னேன். கீழ் வரியில் 'சிறியது' குறி தனியே நிற்கிறது, மைனஸ் ஒன்பது தனியே நிற்கிறது. மைனஸ் ஒன்பதைவிடச் சிறியது எது என்று அது கேட்கிறது. மேல் வரியில் இரண்டும் ஒட்டிக்கொண்டு அம்பாகிவிட்டன. கணினி அதைக் கேள்வியாகவே எடுத்துக்கொள்ளவில்லை. அதன் காதில் விழுந்தது ஒன்பது என்ற எண் மட்டும். ஒன்பதாவது கட்டத்தில் என்ஏ போட்டுவிட்டுப் போய்விட்டது. கட்டங்களை அது முதல் பத்தியில் மேலிருந்து கீழாக எண்ணும். ஒன்பதாவது கட்டம், முதல் வாரம், ஒன்பதாம் எண். நான். மற்றபடி வராதவர்களின் மைனஸ் பத்துகள் எல்லாம் இருந்த இடத்திலேயே இருந்து, எல்லாருடைய சராசரியையும் தின்றுகொண்டிருந்தன. ஜெனிட்டாவுக்கு மூன்று.

ஓர் இடைவெளியை நுழைத்துப் பலகைக்குப் பதினெட்டுக் கை முளைக்க வைத்தவன், ஓர் இடைவெளியை விழுங்கி மாட்டிக்கொண்டான்.

"அம்பு தானாப் போயி விழுந்துருச்சுன்னு சொல்லுத, அப்படித்தான?" என்றார் டீச்சர்.

"எய்தவன் நான்தான் டீச்சர்."

டீச்சர் பலகையின் கீழ் வரியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சரி, இந்தச் சரியான வரி. இது ஆர்..." என்று தொடங்கி, எனக்குப் பயந்தே திருத்திக்கொண்டார். "இத யாரு எழுதுனா?"

பத்து நாளாக அந்தக் கேள்விக்கு என்னிடம் ஒரு விடை தயாராக இருந்தது. நல்ல விடை, சிரிப்பு வரும் விடை.

"ஜெனிட்டா, டீச்சர். நீங்க வகுப்புல கேட்ட அன்னைக்கே வீட்டுல போயி எழுதிப் பாத்திருக்கா. அவ நோட்டப் பாத்துத்தான் அடிச்சேன். எடவெளிய அழிச்சது மட்டும்தான் நான்."

டீச்சர் என்னை அடிக்கவில்லை. கணினியில் சரியான வரியை அடித்தார், ஒற்றை விரலால், ஒவ்வோர் இடைவெளிக்கும் நின்று நின்று. ஜெனிட்டா 31, முதலிடம். சுடலைமணி 21.50. வராதவர்கள் பலர் மேலே ஏற, நான் 18.50, ஏழாமிடம்.

ஜெனிட்டா துண்டுத்தாளை எடுத்து ஒரு முறை பார்த்தாள். "எங் கூட்டல் சரிதான்" என்றாள், யாரிடமும் இல்லாமல். பிறகு என் பெஞ்சுக்கு வந்து கையை நீட்டினாள். நோட்டைக் கொடுத்தேன்.

"அட்டையில என்ன எண்ணெ?"

"மக்ரூன்."

"திங்கக்கெழமையே இந்தக் கணக்கு ஒனக்குத் தெரியும்லா?"

"திங்கக்கெழம என்னமோ தப்புன்னு தெரியும். செவ்வாக்கெழம என்ன தப்புன்னு தெரியும்."

"இன்னைக்கு வெள்ளி" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். பத்தொன்பது கையெழுத்தைவிட அது கனமாக இருந்தது.

மாலையில் சுடலைமணியே வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். சாளை இரண்டு வைத்தான். "ஆனா ஒரு விசயம்ல. அந்த நாலு மாடு அஞ்சு ஈ, அதுக்கு ஒன்ன அடிச்சுக்க ஆளில்ல" என்றான். நான் தலையாட்டிவிட்டு மீனைத் தின்றேன்.

அம்மாவிடமும் சொன்னேன். ஏழாமிடம் என்றதும் பச்சைப் பையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "கடக்காரன் திருப்பி எடுக்க மாட்டான். நாளைலருந்து அதுலயே தள்ளிட்டுப் போயி அரிசி வாங்கிட்டு வா" என்றாள்.

தெருவே வேடிக்கை பார்க்கும். பார்க்கட்டும்.

இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. சுடலைமணியிடம் சொல்ல வாய் வரவில்லை, ஆகவே இங்கே. முதல் வாரத் தேர்வில் நான் விளையாடவில்லை. முந்தின நாள் இரவு படித்துவிட்டுத்தான் போனேன். ஒவ்வொரு கேள்வியையும் இரண்டு தடவை வாசித்து, யோசித்து, அடித்துத் திருத்திக்கூட எழுதினேன். ஒன்பதும் தப்பு. தாள் கைக்கு வந்து, பக்கத்தில் சுடலைமணி எட்டிப் பார்க்கப் போகிறான் என்று தெரிந்த பிறகுதான் விடைகளை எண்ணினேன். நான்கு ஆ இருந்தது, ஐந்து ஈ இருந்தது.